பதினோரு வெள்ளை வட்டங்கள்

பழைய கதைகளில் தாடி குருவுக்கு இருக்கும். இந்தக் கதையில் அது சீடருக்கு. சீடர் தாணுலிங்கத்துக்கு வயது ஐம்பத்திரண்டு. நரைத்த தாடி மார்பைத் தொடும். குரு மாடத்திக்கு முப்பத்தேழு. கருங்கணவாய் மலைப்பாதையில், தண்டவாளத்துக்கு மேலே நிற்கும் பாறைகளைக் காக்கும் குழுவுக்கு அவள்தான் மேஸ்திரி. அவர் அவளை ‘மேஸ்திரி’ என்பார். அவள் அவரை ‘அண்ணாச்சி’ என்பாள். யார் யாரிடம் பாடம் கேட்கிறார்கள் என்று கண்டுபிடிக்க வெளியாளுக்கு அரைநாள் ஆகும்.

வேலை இதுதான். மலையை வெட்டி ரயில் விட்டால், வெட்டுப்பட்ட மலை அதை மறப்பதில்லை. பெருமழைக்குப் பிறகு கயிற்றில் தொங்கிக்கொண்டு ஒவ்வொரு பாறையையும் சுத்தியலால் மூன்று இடத்தில் தட்ட வேண்டும்: தலையில், இடுப்பில், காலில். கணீரென்றால் பாறை மலையோடு இருக்கிறது. பொத்தென்றால் மலையை விட்டுப் பிரிந்துவிட்டது. அதைக் கடப்பாரையால் நெம்பித் தள்ள வேண்டும், முடியாவிட்டால் கம்பிவலை போர்த்திக் கட்ட வேண்டும். கீழே வண்டிகள் ஓடிக்கொண்டேதான் இருக்கும். வண்டி வரும்போது வளைவில் நிற்கும் சவரிமுத்து விசில் ஊதுவார். எல்லோரும் கையை நிறுத்திவிட்டுத் தொங்குவார்கள்.

தட்டி முடித்த பாறையில் தட்டியவர் தம் அடையாளத்தைச் சுண்ணாம்பால் இடுவது அந்தக் குழுவின் வழக்கம். அடையாளம் உள்ள பாறையை வேறு யாரும் தட்டுவதில்லை. மாடத்திக்குப் பெருக்கல் குறி. மற்ற மூவருக்கும் ஒரு கோடு, இரு கோடு, மூன்று கோடு. தாணுலிங்கத்துக்கு வட்டம், நடுவில் புள்ளி. முன்பு லாரிகளுக்கு எண் எழுதியவர் அவர். கவராயம் வைத்துப் போட்டாலும் அப்படி வராது.

புதன்கிழமை காலை இன்ஜினியர் வந்து அண்ணாந்து பார்த்தார். “இந்த வட்டம் யாரோடது? மலைக்குப் பொட்டு வெச்ச மாதிரி இருக்கே!” என்றார்.

அந்தச் சொல்தான் கெடுத்தது. மாலை தூறல் பிடித்தது. மேல்தட்டில் பதினோரு பாறைகள் பாக்கி. கயிற்றை அவிழ்த்து இடம் மாற்றிக் கட்ட இரண்டு மணி நேரமாகும். தாணுலிங்கம் இருந்த இடத்திலிருந்தே பாறைகளைப் பார்த்தார். பார்வைக்கு உறுதியாகத்தான் இருந்தன. மூங்கில் கழியின் நுனியில் சுண்ணாம்புத் தூரிகையைக் கட்டி எட்டி எட்டிப் பதினோரு வட்டங்கள் போட்டார். பிசிறில்லாமல் விழுந்தன.

யாரும் பார்க்கவில்லை. வியாழக்கிழமை சோறு இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை மாடத்தி, “அண்ணாச்சி, வயிறு சரியில்லையா?” என்று கேட்டாள். “ஆமா மேஸ்திரி” என்றார். பன்னிரண்டாவது பொய் முதல் பதினொன்றைவிட எளிதாக இருந்தது. அதுவே அவரைக் கூச வைத்தது.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் குழு முழுவதும் கருங்கணவாய் நிலையத்தில் நின்றது. இரண்டு வாரமாக அந்த மலைவெட்டில் வண்டிகள் மணிக்குப் பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்று பலகை நட்டிருந்தார்கள். இன்று அதை எடுப்பார்கள். பலகை எடுத்த பின் முழுவேகத்தில் போகும் முதல் வண்டியில், பாறை தட்டியவர்கள் மலைப்பக்கத்து ஜன்னலோரம் உட்கார்ந்து போக வேண்டும். எந்தச் சட்டப் புத்தகத்திலும் இது இல்லை. மாடத்திக்கு முந்திய மேஸ்திரி காலத்திலிருந்து நடக்கிறது, அவ்வளவுதான்.

வண்டி வந்து நின்றது. பூக்கூடைகள், பால் கேன்கள், சனிக்கிழமையும் பள்ளிக்கூடம் வைத்துவிட்ட கோபத்தில் இருந்த சீருடைப் பிள்ளைகள்.

“ஜன்னலோரம் உமக்குத்தான்வே. தாடி காத்துல பறக்கிறத ஊரே பாக்கட்டும்” என்றார் சவரிமுத்து.

தாணுலிங்கம் சிரிக்கவில்லை.

பலகையை எடுக்கச் சம்மதம் சொல்லும் தாளை இன்ஜினியர் நீட்டினார். மாடத்தி பேனாவை வாங்கிக்கொண்டாள். கையெழுத்துக்கு முன் ஒவ்வொருவரையும் கேட்பது அவள் வழக்கம்.

“ராசையா, தட்டியாச்சா?”

“தட்டியாச்சு.”

“பூலுடையார், தட்டியாச்சா?”

“தட்டியாச்சு.”

“வேலம்மா, தட்டியாச்சா?”

“ஆச்சுக்கா.”

“அண்ணாச்சி, தட்டியாச்சா?”

தாணுலிங்கம் வாயைத் திறந்தார். கேள்விதான் வந்தது.

“மேஸ்திரி, ஒண்ணு கேக்கட்டுமா?”

“கேளுங்க.”

“ஒருத்தன் ஒரு தப்பு பண்ணிட்டான்னு வைங்க. வெளிய சொல்ல வெக்கமா இருக்கு. அதுக்குப் பதிலா, அந்தப் பாறைக்கு நேர்கீழ, மொத ஜன்னல்ல, அவனே உக்காந்து போறான். வர்றது வரட்டும்னு. அப்ப அந்தத் தப்பு கழிஞ்சிருமா?”

மாடத்தி பேனாவை மூடினாள். வண்டியைப் பார்த்தாள். ஒரு பிள்ளை ஜன்னல் கம்பியில் நாக்கை வைத்துக் குளிர்ச்சி பார்த்துக்கொண்டிருந்தது.

“அந்த ஆளுக்கு மட்டும் தனியா ஒரு பெட்டி விடுவாங்களான்னு சாரைக் கேக்கட்டுமா?” என்றாள்.

தாணுலிங்கம் தலையைக் குனிந்தார். தாடி சட்டைப் பொத்தானில் இடித்தது.

“எத்தனை பாறை, அண்ணாச்சி?”

“பதினொண்ணு.”

“எங்க?”

“மேல்தட்டு.”

அவள் தாளை இன்ஜினியரிடம் திருப்பிக் கொடுத்தாள். “பலகை இருக்கட்டும், சார்.”

“என்னம்மா விளையாட்டு? டிரைவர்கிட்ட சொல்லியாச்சு. மேலிடத்துக்கு நான் என்ன பதில் சொல்றது?”

மாடத்தி நகர்ந்து நின்றாள். இன்ஜினியருக்கும் தாணுலிங்கத்துக்கும் நடுவில் இப்போது யாரும் இல்லை.

“நான் தட்டல, சார்,” என்றார் தாணுலிங்கம். “கழியில தூரிகைய கட்டி, தட்டாமலே வட்டம் போட்டுட்டேன்.”

மலைக்குப் பொட்டு வைத்தது போல என்று புகழ்ந்த அதே மனிதர் அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். திட்டியிருக்கலாம். திட்டவில்லை. தாளை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நிலைய அறைக்குள் போய்விட்டார்.

வண்டி கிளம்பியது. வெட்டுக்குள் நுழையும்போது பதினைந்துக்கு இறங்கியது. பெட்டிக்குள்ளிருந்து ஒருவர், “இதுக்கு நடந்தே போயிருக்கலாம்!” என்று கத்தியது நிலையம் வரை கேட்டது. சவரிமுத்து எப்போதும் பதிலுக்கு ஏதாவது கத்துவார். இன்று கொடியைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

குழு மலையேறியது. கயிற்றை அவிழ்த்து மேலே மாற்றிக் கட்ட இரண்டு மணி நேரம் ஆயிற்று. புதன்கிழமை மிச்சம் பிடித்த அதே இரண்டு மணி நேரம்.

தாணுலிங்கம் ஒரு கயிற்றில் இறங்கினார், மாடத்தி பக்கத்துக் கயிற்றில். முதல் பாறை. தலையில், இடுப்பில், காலில். கணீர், கணீர், கணீர். இரண்டாவது பாறை, கணீர். ஆறாவதைத் தட்டும்போது கை வியர்த்துச் சுத்தியல் வழுக்கியது, அதுவும் கணீர். பதினோராவது பாறையின் காலில் விழுந்த அடி கோயில் மணிபோல் ஒலித்து எதிர்மலையில் பட்டுத் திரும்பியது.

மூன்று நாளாக அவர் நெஞ்சில் கிடந்தது சட்டென்று இறங்கிவிட்டது. முகம் மலர்ந்தது. தாடிக்குள்ளிருந்து பல் தெரிந்தது.

“மேஸ்திரி! கேட்டீங்களா? பதினொண்ணும் கணீர்ங்குது! ஒண்ணுகூடப் பொத்துங்கல. நான் பாத்த பார்வை சரிதான். போட்ட வட்டமும் சரிதான்!”

மாடத்தி இடுப்பிலிருந்த தண்ணீர்க் குப்பியைத் திறந்து, கந்தைத்துணியை நனைத்தாள். மேல்தட்டுக்குக் கீழே, கைக்கெட்டும் தூரத்தில் தாணுலிங்கத்தின் இன்னொரு வட்டம் இருந்தது. அதை அழுத்தித் துடைத்தாள். புள்ளி முதலில் போயிற்று, பிறகு வட்டம்.

“மேஸ்திரி, அது மேல்தட்டு இல்ல! அது செவ்வாக்கிழமை தட்டினது. மூணு இடத்துல தட்டினேன்.”

“சரி, அண்ணாச்சி.”

அவள் கயிற்றைத் தளர்த்தி இறங்கி அடுத்த வட்டத்தைத் துடைத்தாள்.

“அதுவும் தட்டினதுதான்! போன வாரம். நீங்களே பக்கத்துல இருந்தீங்க. நான் சொல்றத நம்பலையா?”

“நம்புறேன்.”

“பின்ன எதுக்கு அழிக்கிறீங்க?”

அந்த வெட்டில் தாணுலிங்கத்தின் வட்டங்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு இருந்தன. ஒவ்வொன்றும் அவருக்குத் தெரியும். எந்தப் பாறையில் எந்த முழங்கை உராய்ந்தது என்பதுவரை தெரியும். எல்லாவற்றையும் மறுபடி தட்டுவதென்றால் இன்னும் ஒன்பது நாள். ஒன்பது நாளும் வண்டி பதினைந்தில் போகும். ஜன்னலிலிருந்து யாராவது கத்துவார்கள். ஏன் இந்தத் தாமதம் என்று கேட்கிறவர்களிடம் யாராவது மேலே கைகாட்டிச் சொல்வார்கள்.

வளைவிலிருந்து விசில் கேட்டது. இருவரும் கையை நிறுத்தித் தொங்கினார்கள். கீழே ஒரு வண்டி, பெட்டி பெட்டியாக, மெள்ள ஊர்ந்து போனது. கடைசிப் பெட்டியும் மறைந்தது.

பிறகு ஈரத்துணியை அவர் கையில் கொடுத்தாள். அருகருகே இருந்த இரண்டு பாறைகளைக் காட்டினாள். ஒன்று மேல்தட்டின் விளிம்பு. அவர் புதன்கிழமை கழியால் எட்டிப் போட்டது. இன்னொன்று அதை ஒட்டி, அவர் திங்கட்கிழமை தட்டிப் போட்டது.

“எனக்கு நீங்க சொல்லிட்டீங்க, அண்ணாச்சி. நாளைக்கு வேற யாராவது இந்தக் கயித்துல தொங்குவாங்க. அவங்க இந்த வட்டத்தைத்தானே பாப்பாங்க? ரெண்டுல எது தட்டிப் போட்டதுன்னு வட்டத்தையே சொல்லச் சொல்லுங்க. சொல்லிச்சுன்னா துடைக்க வேண்டாம்.”

தாணுலிங்கம் பார்த்தார். இரண்டும் ஒன்றுபோலவே, பிசிறில்லாமல், மிக அழகாக இருந்தன.