மாவில் விழுந்த கோடு

செருப்பே போடாத காலிலிருந்து செருப்புத் தேய்கிற சத்தம் வருமா, சொல்லுங்கள் பார்ப்போம்?

பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு அமலோற்பவம் டீச்சர் ஒரு பாட்டு நாடகம் பழக்கிக்கொண்டிருந்தார். விந்தி நடக்கிற பிள்ளையைக் கேலி பண்ணிப் பண்ணியே வகுப்பை விட்டு விரட்டிவிடுகிற கதை. அந்தப் பிள்ளை வேஷம் ஒன்பதாம் வகுப்புத் தமயந்திக்கு. இடது காலை இழுத்து, சர்ரக் என்று அவள் நடந்தால் பார்க்கிறவர்களுக்கு மெய் சிலிர்க்கும். வேறு யாருக்கும் அது வரவில்லை.

நாலாம் நாள், பாட்டு நின்ற பிறகும் அந்தச் சத்தம் நிற்கவில்லை.

டீச்சர் எல்லாரையும் செருப்பைக் கழற்றி வெளியே விடச் சொன்னார். மறுபடி பாடினார்கள். பாட்டு முடிந்து பிள்ளைகள் கலைகிற நேரம், சர்ரக். சின்னதுகள் இரண்டு அழுதுகொண்டே ஓடின. பெரியதுகளும் பையைத் தூக்கிக்கொண்டு நழுவின.

தமயந்தி மட்டும் போகவில்லை. இரண்டு நாளாக வீட்டிலும் அது கேட்கிறதாம். பள்ளிக்கூடம் வரும் வழியெல்லாம் கூடவே வருகிறதாம். திரும்பினால் ஆள் இல்லையாம்.

"யாரு டீச்சர் அது? ஏன் என் பின்னாடியே வருது?"

டீச்சர் கோலப் போட்டிக்கு வாங்கி வைத்திருந்த மாவை எடுத்து மேடை முழுக்கத் தூவினார்.

"அந்தக் கோடி வரைக்கும் நட. வேஷம் வேண்டாம். எப்பவும் போல நட."

நடந்தாள்.

"இப்பத் திரும்பிப் பாரு."

வலது பாதம் அச்சு அச்சாக விழுந்திருந்தது. இடது பக்கம் ஒரே நீளக் கோடு. கோடு வந்து நின்ற இடம் அவள் காலடி.

"நான் நேராத்தானே டீச்சர் நடந்தேன்?"

"இந்த நடையை யாருகிட்டக் கத்துக்கிட்டே?"

தமயந்தி மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குருவம்மாகிட்ட. ஏழாம் வகுப்புல. அவ முன்னாடி போவா, நான் பின்னாடியே நடந்து காட்டுவேன். எல்லாரும் சிரிப்பாங்க."

"அவ இப்ப எங்கே?"

"படிப்பை விட்டுட்டா. கிணத்துத் தெருவுல தீப்பெட்டி ஒட்டுறா." நிமிர்ந்தாள். "இது எப்ப டீச்சர் நிக்கும்?"

"எனக்குப் பாட்டுத்தான் தெரியும் தாயி. நடை அவளோடது."

தமயந்தி மேடையை விட்டு இறங்கினாள். சர்ரக். வாசலில் நின்றாள்.

"அவ வீடு வரைக்கும் கூட வாங்க டீச்சர். பின்னாடி வராதீங்க. பக்கத்துலயே வாங்க."