மெனு சொன்னபடி

மேலப்பொய்கையூரில் அறிவுக்குப் பஞ்சம் வந்தது என்று யாரும் சொல்ல முடியாது. முன்னே இருந்தால்தானே பிறகு பஞ்சம் வர. அந்த ஊரிலும் கீழத்தெரு ஆவுடையப்பன் கொஞ்சம் விசேஷமானவர். விண்ணப்பத்தில் 'பெரிய எழுத்தில் நிரப்பவும்' என்று போட்டிருந்ததைப் பார்த்துவிட்டு, கடைக்குப் போய் நாலு சார்ட் பேப்பர் வாங்கி வந்தவர். பெயர் மட்டும் எழுதியதில் மூன்று தீர்ந்துவிட்டது. இனிஷியலுக்கு ஒன்று.

அப்படிப்பட்டவருக்கும் மனசில் ஒரு முள் உண்டு. மனைவி பகவதியின் அண்ணன், பாளையங்கோட்டை கோமதிநாயகம். கல்யாணம் ஆகி முப்பது வருஷமாக, அவர் இந்த வீட்டுக்கு வந்து ஒரு குறை சொல்லாமல் திரும்பியதில்லை. போன தடவை டிவியைக் குறை சொன்னார். "உங்க டிவியில ஆள் பேசுனா, கிணத்துக்குள்ள விழுந்தவன் கூப்பிடுத மாதிரி இருக்கு மாப்ளை" என்றார். ஆவுடையப்பனுக்கு ரெண்டு நாள் சோறு இறங்கவில்லை.

சங்கதி அபுதாபியில் இருக்கிற மகனுக்குத் தெரிந்தது. லீவில் வந்தவன் ஒரு ஹோம் தியேட்டர் வாங்கினான். கூடத்தைச் சுற்றி அஞ்சு ஸ்பீக்கர், அஞ்சையும் மேய்ப்பதற்கு டிவிக்குக் கீழே பிராசஸர் என்று ஒரு கறுப்புப் பெட்டி. வயரெல்லாம் மாட்டி முடிப்பதற்குள் லீவு தீர்ந்துவிட்டது. கார் ஏறும்போது சொன்னான்: "அப்பா, செட்டிங்ஸ் மட்டும் பாக்கி. மெனுவைத் தமிழுக்கு மாத்தி வச்சிருக்கேன். அது என்ன சொல்லுதோ அப்படியே செய்யுங்க. சொந்தமா எதுவும் யோசிக்காதீங்க."

கடைசி வாக்கியம் தேவையே இல்லாதது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கோமதிநாயகம் வருவதாகப் போன் வந்தது. காலையிலேயே ஆவுடையப்பன் துணைக்கு ரெண்டு பேரைக் கூப்பிட்டுக்கொண்டார். ஒருவர் சங்கிலிபூதம், ஓய்வுபெற்ற சர்வேயர். அவர் அளந்துகொடுத்த மனைகளில் இன்றைக்கும் பாதி வீடு பக்கத்து ஆள் இடத்தில்தான் நிற்கிறது. இன்னொருவர் மருந்துக்கடை வெயிலுமுத்து. சீட்டில் எழுதியிருக்கிற மருந்து கடையில் இல்லையென்றால், அதே நிறத்தில் வேறு மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவர்.

டிவியில் எழுத்து வந்தது. 'வணக்கம்.'

மூவரும் எழுந்து கும்பிட்டார்கள். பதிலுக்கு அது ஒன்றும் சொல்லாததால் உட்கார்ந்தார்கள். ஆவுடையப்பன் ரிமோட்டில் 'சரி'யை அழுத்தினார்.

'மூலத்தைத் தேர்ந்தெடுக்கவும். மூலம் 1. மூலம் 2. மூலம் 3.'

மூவரும் திரைக்குக் கிட்டே போய் இன்னொரு தடவை வாசித்தார்கள்.

"எனக்கு மூல நட்சத்திரம்தான்" என்றார் சங்கிலிபூதம். "ஆனா பாதம் நாலுல்லா. இதுல மூணோட நிறுத்திட்டானே."

"அது இல்லவே" என்றார் வெயிலுமுத்து, குரலைத் தாழ்த்தி. "இது அந்த மூலம். எனக்கு இருக்குல்லா, அது."

"பாட்டுப் பெட்டிக்கு அது எதுக்கு அண்ணாச்சி?" என்று ஆவுடையப்பன் கேட்டார்.

"ஒரு சினிமா மூணு மணி நேரம். உக்காந்து பாக்கணும்லா. ஆளுக்குத் தாங்குமான்னு விசாரிச்சுக்கிடுது. வெளிநாட்டுச் சாமான் அப்படித்தான், முன்யோசனை உள்ளது."

நியாயமாகப் பட்டது. வெயிலுமுத்துவுக்கு டாக்டர் மூன்றாம் நிலை என்று சொல்லியிருந்ததால் மூலம் மூன்றை அழுத்தினார்கள். 'மூலம் 3: எதுவும் இல்லை' என்று வந்தது.

வெயிலுமுத்து அந்த எழுத்தை ரெண்டு தடவை வாசித்தார். கண் கலங்கிவிட்டது. "எதுவும் இல்லைங்குது அண்ணாச்சி. அந்த டாக்டர் ஆறு மாசமா மாத்திரை எழுதித் தாரான்" என்றார். அதற்குப் பிறகு அந்தப் பெட்டி என்ன சொன்னாலும் தலையால் செய்ய அவர் தயாராக இருந்தார்.

அடுத்து, 'ஸ்பீக்கர் அளவு: சிறியது / பெரியது.'

"எதை விட?" என்றார் சங்கிலிபூதம். சர்வேயர் புத்தி. "தீப்பெட்டியை விடப் பெருசு. பீரோவை விடச் சிறுசு. ஒப்பிட ஒண்ணு சொல்லாம நான் எப்படி அளவு குடுக்க?"

அரைமணி நேரம் பேசினார்கள். கடைசியில், பீரோவுக்குப் பக்கத்தில் இருந்த ரெண்டு ஸ்பீக்கரும் சிறியவை, பீரோ கண்ணுக்குப் படாத தூரத்தில் இருந்த மூன்றும் பெரியவை என்று முடிவானது. அஞ்சும் ஒரே அச்சில் வார்த்தவை என்பதைச் சொல்ல அங்கே ஆள் இல்லை.

அதற்கடுத்து வந்ததுதான் சங்கிலிபூதம் காத்திருந்த கேள்வி. 'கேட்பவருக்கும் ஸ்பீக்கருக்கும் உள்ள தூரத்தைக் குறிப்பிடவும்.' அவர் இடுப்பிலிருந்து டேப்பை உருவினார். ஆவுடையப்பன் தன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நீரு எதுக்கு விறைப்பா உக்காருதீரு?" என்றார் சங்கிலிபூதம்.

"கேக்கப் போறது நான்தானே."

"காலைலருந்து கேட்டுக்கிட்டு இருக்கது யாரு? மூலம் எதுன்னு கேட்டது யாரு? அளவு என்னன்னு கேட்டது யாரு? நீரா?"

ஆவுடையப்பன் யோசித்துப் பார்த்தார். தான் பதில் மட்டும்தான் சொல்லிக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. அத்தனையும் கேட்டது பெட்டி. ஆகவே கேட்பவர் பெட்டிதான். தன்னிலிருந்து அளந்திருந்தால் எவ்வளவு பெரிய பிசகாகியிருக்கும் என்று நினைத்து அவருக்கு லேசாக வியர்த்தது. பெட்டியிலிருந்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் டேப்பைப் பிடித்து, மில்லிமீட்டர் சுத்தமாக எண்களை ஏற்றினார்கள்.

அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்த பகவதி, "முப்பது வருஷமா நான் சொன்ன ஒரு சொல்லு இவருக்கு ஏறல. டப்பா சொன்னா ஏறுது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

'மைக்கைக் கேட்பவரின் தலை இருக்கும் இடத்தில் வைக்கவும். அறையில் முழு அமைதி தேவை' என்றது திரை. கேட்பவர் யார் என்பதில்தான் இப்போது குழப்பமே இல்லையே. பெட்டியோடு வந்திருந்த குட்டி மைக்கை அதன் தலைமேலேயே வைத்தார்கள். ஃபேனை நிறுத்தினார்கள். சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றினார்கள். மூவரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

இடது ஸ்பீக்கர் "உஷ்ஷ்ஷ்" என்றது.

அதற்குப் பக்கத்தில் இருந்த சங்கிலிபூதம் திடுக்கிட்டார். "நான் ஒண்ணும் பேசலையே" என்றார்.

வலது ஸ்பீக்கர் "உஷ்ஷ்ஷ்" என்றது.

"அவருதான் பேசுனாரு, நான் சும்மாதான் இருக்கேன்" என்றார் அந்தப் பக்கம் இருந்த வெயிலுமுத்து.

பின்னாலிருந்து ஆவுடையப்பன் பிடரியிலேயே "உஷ்ஷ்ஷ்" விழுந்தது. சொந்த வீட்டில், வாயே திறக்காமல் இருந்தவனை இப்படி அதட்டினால் எப்படி இருக்கும். இருந்தாலும் மச்சான் முகத்தை நினைத்துக்கொண்டு, "மன்னிச்சிரு" என்றார்.

'அறையில் சத்தம் அதிகம். மீண்டும் முயலவும்.'

மூன்று தடவை முயன்றார்கள். மூன்றாவது தடவை மூச்சையும் பிடித்துக்கொண்டதில் வெயிலுமுத்து சோபாவில் சாய்ந்துவிட்டார். சாய்ந்தவர் முனகியதும் சத்தத்தில் சேர்ந்துகொண்டது. தண்ணீர் தெளித்து உட்காரவைத்த பிறகு ஆவுடையப்பன் நிதானமாக யோசித்தார். அந்தத் தெருவில் ஒருவர் யோசிப்பதைவிட ஆபத்தான காரியம் கிடையாது.

"நம்ம யாரும் சத்தம் போடல. இந்த அஞ்சு ஸ்பீக்கரும்தான் போடுது. மத்தவன அமைதியா இருன்னு சொல்லிக்கிட்டு, சத்தம் போடுதது இதுகதான்" என்றார்.

அஞ்சு வயரையும் பிடுங்கினார்கள். பெட்டி மறுபடி சோதித்தது. கூடத்தில் ஒரு சத்தமும் இல்லை. 'ஸ்பீக்கர் எதுவும் இல்லை. இப்படியே தொடரவா?' என்று கேட்டது. அது இவ்வளவு பணிவாகக் கேட்டது அன்றைக்கு அதுதான் முதல் தடவை. ஆவுடையப்பன் பெருந்தன்மையோடு 'சரி'யை அழுத்தினார்.

'அமைப்பு முடிந்தது. சேமித்து வெளியேறவும்.'

சேமித்தார்கள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு மூவரும் வீட்டை விட்டு வெளியேறினார்கள்.

எவ்வளவு நேரத்துக்கு வெளியேற வேண்டும் என்று அது சொல்லவில்லை. ஆகவே ஜன்னலுக்கு வெளியே, கொதிக்கிற வெயிலில், சுவரோரம் வரிசையாக நின்றார்கள். பகவதி சாப்பாட்டை ஜன்னல் கம்பி வழியாகக் கொடுத்தாள். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டு ஆகிற காரியம் எது என்பது அவளுக்குத் தெரியும்.

நாலு மணிக்கு ஆட்டோவில் கோமதிநாயகம் வந்து இறங்கினார்.

"என்ன மாப்ளை, வீட்டை விட்டுத் துரத்திட்டாளா?"

"இல்ல மச்சான். ஹோம் தியேட்டர் ஓடுது. உள்ள போகக்கூடாது, இங்கருந்தே கேளுங்க."

கோமதிநாயகம் ஜன்னல் கம்பியில் காதை வைத்தார். குறை கண்டுபிடித்தே பழகிய காது. ஒரு நிமிஷம் கேட்டார். இன்னொரு காதை வைத்துப் பார்த்தார். ஆவுடையப்பன் ஜன்னலை ஒட்டி வந்து நின்றார். வெயிலுமுத்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இரைச்சல் இருக்கா மச்சான்?"

"இல்ல."

"கரகரப்பு?"

"அதும் இல்ல" என்றார் கோமதிநாயகம். முகம் சுண்டிப்போயிருந்தது. "ஒரு குறையும் கேக்கல மாப்ளை. எங்க வீட்டுல உள்ளது நாள் பூரா கத்துது. இது இவ்வளவு சுத்தமா இருக்கே."

முப்பது வருஷத்தில் முதல் தடவையாக ஆவுடையப்பன் மச்சானுக்கு முன்னால் மீசையைத் தடவிக்கொண்டார்.

ஆனால் கோமதிநாயகம் லேசில் விடுகிற ஆள் இல்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கம்பி வழியாக டிவியை உற்றுப் பார்த்தார். முகம் மெல்ல மலர்ந்தது.

"பாதி வேலைதான் செஞ்சிருக்கிய. கீழே பொடி எழுத்துல இன்னொரு வரி இருக்கு, பாக்கலையோ? 'முடிந்ததும் பின்செல்லவும்.'"

மூவரும் எட்டிப் பார்த்தார்கள். இருந்தது. ஆவுடையப்பனுக்கு வெட்கமாகிவிட்டது. ஆனாலும் ஒரு நல்ல மனுஷன் வந்துதானே இதையாவது காட்டித்தர வேண்டியிருக்கிறது என்று மனசைத் தேற்றிக்கொண்டார். எவ்வளவு தூரம் என்று சங்கிலிபூதம் கேட்டார். அதைப் போடவில்லை என்றார் கோமதிநாயகம். தானும் மெனுவை வாசித்துவிட்டதால், அது தன்னையும் கட்டுப்படுத்தும் என்று அவருக்குத் தோன்றியது.

நாலு பேரும் வீட்டைப் பார்த்தபடியே பின்னால் நடக்க ஆரம்பித்தார்கள். தபாலாபீஸ் தாண்டியது. டீக்கடை தாண்டியது. பஸ் ஸ்டாண்டும் முதுகுப் பக்கமாக வந்து, முன் பக்கமாகப் போனது. வீட்டு வாசலின் பச்சைக் கேட் ஒரு புள்ளியாகச் சுருங்கியபோது கோமதிநாயகத்துக்கே கொஞ்சம் பயம் வந்துவிட்டது.

"மாப்ளை, வீடு நம்மள விட்டுப் போய்க்கிட்டே இருக்கு."

"போகட்டும் மச்சான்" என்றார் ஆவுடையப்பன், நடையை நிறுத்தாமல். "அதான் சேமிச்சாச்சுல்லா."