இருவாட்சிக் குஞ்சும் இரண்டு கேமராக்களும்

மழை ஓயாத ஒரு காட்டில் முழிமாறன் என்றொரு தேவாங்கு வாழ்ந்து வந்தது. காட்டில் தேவாங்கு இருப்பது அதிசயமில்லை, குழந்தைகளே. அந்தத் தேவாங்கிடம் ஒரு கேமரா இருந்தது. அதுதான் அதிசயம்.

முழிமாறனுக்கு முகத்தில் பாதி கண்ணாகவே இருந்தது. அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு அது காட்டையே படம் பிடித்தது. புலி கொட்டாவி விட்டதை எடுத்தது. மான்குட்டி முதன்முதலாக எழுந்து நின்றதையும், நின்ற வேகத்தில் விழுந்ததையும் எடுத்தது. முதலையின் கடைவாய்ப் பல்லைக்கூட எடுத்துவிட்டு முழுசாகத் திரும்பி வந்தது.

அதனிடம் ஒரே ஒரு குறைதான். எதையும் சட்டென்று முடிவு செய்ய வராது. வலது கையால் கிளையைப் பிடிப்பதா, இடது கையாலா என்று யோசித்தே பலமுறை கீழே விழுந்திருக்கிறது. படம் எடுக்கும்போது மட்டும் அந்தத் தொல்லை இல்லை. கேமரா ஒன்று, பொத்தான் ஒன்று. யோசிக்க என்ன இருக்கிறது?

ஒருநாள் ஆண் இருவாட்சிப் பறவை ஒன்று அதைத் தேடி வந்தது.

"முழிமாறண்ணே, என் மனைவி மரப்பொந்துக்குள் போய் வாசலைச் சேற்றால் அடைத்துக்கொண்டு எத்தனையோ நாளாகிவிட்டது. உள்ளே எங்களுக்கு ஒரு மகள் பிறந்திருக்கிறாள். அந்தச் சேற்றுச் சுவரில் இருக்கும் சின்னக் கீறல் வழியாகத்தான் நான் பழம் ஊட்டுகிறேன். மகளின் அலகு நுனியைத் தவிர நான் எதையும் பார்த்ததில்லை."

"ஐயோ பாவம்!"

"நாளைக்குச் சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வரப்போகிறார்கள். அவள் முதன்முதலாகத் தலையை நீட்டும் அந்த முகம் எனக்கு வேண்டும். இரண்டாம் முறை அது கிடைக்காது. எடுத்துக் கொடுப்பாயா?"

"கண்டிப்பாக!" என்றது முழிமாறன். அதற்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இப்படி ஒரு படத்தை அது இதுவரை எடுத்ததே இல்லை.

இருவாட்சி பறந்து போன கொஞ்ச நேரத்தில் குழைவாயன் என்ற நரி வந்து சேர்ந்தது. புதிய பொருள் எது வந்தாலும் அதைப் பிறர் தலையில் கட்டுவதுதான் குழைவாயனின் தொழில். அதன் கழுத்தில் பளபளவென்று ஒரு கேமரா தொங்கியது.

"தம்பி, புதுசு! இன்று காலைதான் வந்தது. உன் பழையதைக் கொடுத்துவிட்டு இதை எடுத்துக்கொள்."

"என்னுடையதில் என்ன குறை?"

"ஒரு குறையும் இல்லை. பழையதாகிவிட்டது, அவ்வளவுதான்."

"எப்போது?"

"இன்று காலை. இது வந்த அந்த நிமிடமே."

முழிமாறன் தன் கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. நேற்றுவரை நன்றாக இருந்த கேமரா இப்போது கொஞ்சம் களைத்துப்போனது போலத் தெரிந்தது.

"இது அப்படி என்ன செய்யும்?"

"நீ நினைப்பதற்கு முன்பே படம் எடுத்துவிடும்."

"அப்படியானால் நான் எதற்கு?"

"தூக்கிக்கொண்டு நடக்க யாராவது வேண்டாமா?" என்றது குழைவாயன். "நன்றாக யோசித்து, நாளை பொழுது சாய்வதற்குள் சொல். இரண்டையும் வைத்து ஒரே படத்தை எடுத்துப் பார். எது நல்லது என்று உனக்கே புரிந்துவிடும்."

முழிமாறனுக்கு இது நியாயமாகப் பட்டது. இரண்டு கேமராக்களையும் மாட்டிக்கொண்டு, ஆற்றங்கரையில் நின்ற யானையை இரண்டாலும் எடுத்துக் காட்டியது.

"எது நன்றாக இருக்கிறது?"

"பழையதுதான்," என்றது யானை. "அதில் நான் ஒல்லியாக இருக்கிறேன்."

மயிலை எடுத்துக் காட்டியது. "புதியதுதான்! இதில் என் தோகை இன்னும் நீளமாகத் தெரிகிறது."

காட்டுப்பன்றியை எடுத்துக் காட்டியது. "என் மூக்கில் சேறு இருப்பதை எது காட்டுகிறதோ, அதை உடைத்துப் போடு."

காகம் இரண்டு படங்களையும் நெடுநேரம் உற்றுப் பார்த்தது. "இரண்டிலும் நான் கறுப்பாகத்தான் இருக்கிறேன். வேறு ஏதாவது வந்தால் சொல்லி அனுப்பு."

கேட்கக் கேட்க முழிமாறனுக்குக் குழப்பம்தான் மிஞ்சியது. மறுநாள் விடிந்தபோதும் ஒரு முடிவும் ஆகவில்லை. இரண்டு கேமராக்களோடும் அது இருவாட்சியின் மரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

பொந்துக்குள்ளிருந்து "டொக்... டொக்..." என்று சத்தம் வந்துகொண்டிருந்தது. அப்பா இருவாட்சி எதிர்க்கிளையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"சீக்கிரம் அண்ணே! சுவர் விரிசல் விட்டுவிட்டது."

"வந்துவிட்டேன். எதால் எடுப்பது என்றுதான்..." என்று இழுத்த முழிமாறனுக்குச் சட்டென்று ஒரு யோசனை தோன்றியது. எதற்குத் தேர்ந்தெடுக்க வேண்டும்? இரண்டாலும் ஒரே நொடியில் எடுத்துவிட்டால்? மகள் முகமும் கிடைக்கும், முடிவும் கிடைக்கும்!

பொந்துக்கு இடப்பக்கக் கிளையில் பழைய கேமராவைக் கொடியால் கட்டியது. வலப்பக்கக் கிளையில் புதியதைக் கட்டியது. இரண்டு பொத்தான்களிலும் நார் முடிந்து, ஒரு நாரை வலது காலிலும் மற்றதை இடது காலிலும் கட்டிக்கொண்டு, மேல்கிளையில் இரண்டு கைகளாலும் தொங்கியது. ஒரே உதை, இரண்டு படம்.

தொங்கியபடியே பார்த்தது. பழையது பொந்துக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருப்பதாகத் தோன்றியது. இறங்கி வந்து பின்னால் தள்ளியது. இப்போது புதியதற்கு வெயில் கூடுதல். அதைச் சற்றுத் திருப்பியது. உடனே பழையதற்கு நிழல் கூடுதல். இதையும் சற்றுத் திருப்பியது.

உள்ளேயிருந்து அம்மா இருவாட்சியின் குரல் கேட்டது. "வெளியே என்ன நடக்கிறது?"

"கொஞ்சம் பொறுங்கள் அம்மா, இரண்டுக்கும் ஒரே நியாயம் செய்ய வேண்டும்!"

"நான் பொறுத்துக்கொள்வேன். இவள் பொறுக்க வேண்டுமே! உடைத்துக்கொண்டிருக்கிறாள்."

முழிமாறன் இன்னும் ஒருமுறை இறங்கி, அதை இம்மி திருப்பி, இதை இம்மி திருப்பி, மறுபடி ஏறித் தொங்கியது. இப்போது இரண்டும் அச்சு அசலாக ஒரே மாதிரி நின்றன. அதன் மனம் குளிர்ந்தது.

சுவர் பொலபொலவென்று உதிர்ந்தது. ஈரமான ஒரு சின்னத் தலை வெளியே வந்தது. கண்களைச் சுருக்கி வெயிலைப் பார்த்தது. பிறகு அப்பாவைப் பார்த்து வாயைப் பிளந்து "க்வாக்!" என்றது.

முழிமாறன் இரண்டு கால்களையும் ஓங்கி உதைத்தது. க்ளிக்! க்ளிக்!

குஞ்சு பொந்தின் விளிம்பில் ஏறி, தள்ளாடி, காற்றில் பாய்ந்தது. அம்மா அதன் பின்னாலேயே பறந்தது. அப்பா மட்டும் போகவில்லை. படத்துக்காகப் பறந்து வந்தது.

"காட்டு அண்ணே, காட்டு!"

முழிமாறன் பழைய கேமராவைத் திறந்து பார்த்தது. அதன் பெரிய கண்கள் இன்னும் பெரிதாயின. அதில் புதிய கேமராவின் படம் இருந்தது. புதியதைத் திறந்தது. அதில் பழைய கேமராவின் படம் இருந்தது. நியாயம் பார்த்துத் திருப்பித் திருப்பி, கடைசியில் இரண்டையும் நேருக்கு நேர் பார்க்க வைத்திருந்தது முழிமாறன். குஞ்சின் ஓர் இறகுகூட எதிலும் இல்லை.

"இது என் மகள் இல்லையே," என்றது அப்பா இருவாட்சி மெதுவாக.

முழிமாறன் காலியான பொந்தைப் பார்த்தது. "அவளைக் கூப்பிட்டு... இன்னொரு முறை உள்ளே போகச் சொல்ல முடியுமா? சேறு நானே குழைத்துப் பூசிவிடுகிறேன்."

இருவாட்சி தன் நீண்ட அலகால் முழிமாறனின் மண்டையில் ஒரே ஒரு போடு போட்டுவிட்டு, மகள் போன திசையில் பறந்து மறைந்தது.

பொழுது சாயும் நேரத்தில் குழைவாயன் வந்தது. புடைத்த மண்டையோடு முழிமாறன் கிளையில் தனியே உட்கார்ந்திருந்தது. மடியில் இரண்டு கேமராக்களும் இருந்தன.

"என்ன தம்பி, முடிவு செய்துவிட்டாயா?"

முழிமாறன் ஒரு படத்தைப் பார்த்தது. மற்றொரு படத்தைப் பார்த்தது. மறுபடி முதல் படத்தைப் பார்த்தது.

"புதியது எடுத்த பழையது தெளிவாகத்தான் இருக்கிறது," என்றது. "ஆனால் பழையது எடுத்த புதியதுதான் பார்க்க அழகு. அதனால்தான் யோசிக்கிறேன்."

நீதி: கருவியையே பார்த்துக்கொண்டிருப்பவனுக்குக் காட்சி கிடைக்காது.