பொன்னாடைக்கு ஒரு ஓடிபி

பொதுமக்களுக்கான சைபர் பாதுகாப்புப் பயிற்சிகளையெல்லாம் திரட்டிப் பட்டியல் போடச் சொன்னது அரசாங்கம். தற்காலிக ஊழியர் ஜெபசீலி போட்டுக் கொண்டுபோய் வைத்தாள்.

இயக்குநர் தணிகாசலம் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. பெரிய மனுஷர் இல்லையா! "இத்தனையும் தொடங்கி வெச்சவன் நான். இதுல எனக்குத் தேவைப்படுற பயிற்சி ஒண்ணைக் காட்டு பார்ப்போம். இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே!"

மத்தியானம் அவர் போனில் தேனொழுக ஒரு குரல்: "ஐயா, சைபர் விழிப்புணர்வு விருது உங்களுக்குத்தான். பொன்னாடை அனுப்பணும். இப்ப வந்த ஓடிபியைச் சொல்லுங்க."

தணிகாசலம் எழுந்து நின்று, ஆபீஸே கேட்க எண்களை முழங்கினார்.

"நன்றிங்கய்யா." குரல் போனிலும் கேட்டது, முதுகுக்குப் பின்னாலும் கேட்டது. திரும்பினால் ஜெபசீலி.

"எல்லாத்துக்கும் விளக்கேத்துனீங்க, பொன்னாடை வாங்குனீங்க, கிளம்பிட்டீங்க. ஒண்ணுலயாவது உட்கார்ந்தீங்களா ஐயா?"

பட்டியல் அச்சாகி வந்தது. முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் ஒரு புது விதி: "சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை, வகுப்பு முடிந்த பிறகே."