மருந்து டிரம்முக்கு நன்னடத்தைச் சான்று

நகராட்சிப் பூங்காக்களில் களை கொல்ல மறுபடியும் இருபது டிரம் மருந்து வாங்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளி செங்கமலம் நேரே தலைவர் தணிகாசலத்திடம் போய், அது வேண்டாம் என்றாள்.

"கெடுதல்னு ஆதாரம் இருக்கா? நாளைக்குள்ள சீல் குத்துன காயிதம் கொண்டா. இல்லேன்னா வாயை மூடிக்கிட்டு மருந்தை அடி" என்றார் தலைவர். கூட இருந்த கவுன்சிலர்கள் சிரித்தார்கள்.

மறுநாள் மன்றக் கூட்டத்தில் அவள் இரண்டு காயிதங்களைக் கொண்டுவந்து வைத்தாள். இரண்டிலும் சீல் இருந்தது. தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். ஒன்று போலீஸ் கொடுத்த நன்னடத்தைச் சான்று. இன்னொன்று, தொற்றுநோய் இல்லையென்று டாக்டர் கொடுத்தது.

"ரெண்டும் உன்னோடதும்மா. மருந்தோடது எங்க?"

"அதைத்தான் நானும் தேடுறேன், ஐயா. நான் துடைப்பத்தைத் தொடுறதுக்கு முன்னாடியே, என்னால யாருக்கும் கெடுதல் வராதுன்னு இத்தனை சீல் கேட்டீங்க. முதல்ல திருடட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்னு விடலை. புள்ளைங்க உருளுற புல்லு மேல ஊத்துற மருந்துகிட்ட மட்டும் ஒண்ணுமே கேட்கலையே."

தலைவர் கொள்முதல் கோப்பின் பக்கங்களைப் புரட்டினார். விலைப்பட்டியலைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை. கொள்முதலை நிறுத்தச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

"இதைப் போன வருஷமே சொல்லியிருக்கலாமேம்மா."

"என்கூட மருந்தடிச்ச வெள்ளையம்மா போன வருஷமே சொன்னா, ஐயா. ஆதாரம் கொண்டான்னு அனுப்பிட்டீங்க. மருந்தை அடிச்சு அடிச்சு அந்த ஆதாரத்தை அவ உடம்புலயே சேர்த்துட்டா. பெரியாஸ்பத்திரியில கெடக்கா. எழுந்து கொண்டாரத்தான் முடியலை."