ஒரே அண்டாவில் இரண்டு விரால்

முன்னொரு காலத்தில், வெங்காயத்துக்கு வரி போடாத ஒரு நல்ல நாட்டை மாறவேள் என்ற அரசர் ஆண்டுவந்தார். விரால் மீன் குழம்பு என்றால் போர்க்களத்திலிருந்துகூடத் திரும்பி வந்துவிடுவார்.

ஒருநாள் மடைப்பள்ளிப் பக்கம் போனவர், கூடையில் இரண்டு மீன்களைப் பார்த்தார். ஒன்றின் உடம்பில் கறுப்பு வரிகள். மற்றதில் பூப்பூவாய்ப் புள்ளிகள்.

"இது என்ன மீன்?"

"விரால், மகாராஜா" என்றான் சமையல்காரன்.

"அது?"

"அதுவும் விரால்தானுங்க."

அரசருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒரு பெயருக்கு இரண்டு மீனா? நாளைக்கு ஒருவன் வந்து நானும் மாறவேள்தான் என்றால் பாதிச் சிம்மாசனம் கொடுப்பீர்களா? இனி ஒன்றுதான் விரால். மற்றது வேறு பெயர் தேடிக்கொள்ளட்டும்!"

சபையில் பெரும் கலக்கம். வரி விரால் வளர்வது அமைச்சர் விழுப்பரையரின் ஏரியில். பூ விரால் வளர்வது தளவாய் சேந்தனாரின் ஏரியில். சந்தையில் பெயர் போனால் பாதி விலை போச்சு. இருவருமே தம்மை 'அரசரின் வலக்கை' என்று சொல்லிக்கொண்டு தினமும் முட்டிக்கொள்கிறவர்கள். ஒரே ஒரு விஷயத்தில்தான் ஒற்றுமை: விகடன் அம்பலக்கூத்தனை இருவருக்கும் ஆகாது.

அமைச்சர் எழுந்தார். "அரசே, இந்த வழக்கை அம்பலக்கூத்தனே தீர்க்கட்டும். நியாயமான தீர்ப்பென்றால் எவரும் குறை சொல்லமாட்டார். ஒருவர் குறை சொன்னாலும் கூத்தர் நாட்டைவிட்டுப் போய்விட வேண்டும்."

"சரியான யோசனை!" என்றார் தளவாய். எப்படித் தீர்த்தாலும் தோற்றவர் குறை சொல்லத்தானே போகிறார்!

அரசரும் தலையாட்டிவிட்டார்.

அம்பலக்கூத்தன் முகத்தில் ஈ ஆடவில்லை, ஆனாலும் சிரித்தான். "ஆகட்டும், அரசே. இருவரும் தத்தம் ஏரியிலிருந்து ஒரு மீன் கொண்டு வரட்டும். ஓர் அண்டா தண்ணீர் போதும்."

இரண்டு மீன்களையும் அண்டாவில் விட்டு, மேலே வலை கட்டி, அரச முத்திரை வைத்தார்கள்.

மறுநாள் காலை சபை கூடியது. முத்திரையை உடைத்தார்கள். உள்ளே ஒரே மீன், மத்தளம் போன்ற வயிற்றோடு. வரி விரால்தான். அதன் வாயோரம் பூப்போட்ட வால் ஒன்று எட்டிப் பார்த்தது.

"என் மீன் ஜெயித்தது!" என்று துள்ளினார் அமைச்சர்.

"அநியாயம்! எனக்குக் குறை உண்டு!" என்று கத்தினார் தளவாய்.

"ஐயோ பாவம், கூத்தரே! மூட்டையைக் கட்டிவிட்டீரா?" என்றார் அமைச்சர், இளித்தபடி.

"கட்டலாம். இன்னும் தீர்ப்பே சொல்லவில்லையே, ஐயா!" என்ற அம்பலக்கூத்தன் அரசரை வணங்கினான். "அரசே, ஒரு பெயருக்கு ஒருவர் என்பது தங்கள் ஆணை. மீனுக்கு ஒரு சட்டம், மனிதருக்கு ஒரு சட்டம் என்றால் ஊர் சிரிக்கும். இந்தச் சபையில் 'அரசரின் வலக்கை' என்ற பெயரில் இருவர் இருக்கிறார்கள். கோயிலிலிருந்து பெரிய அண்டா கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். இருவரும் இறங்கட்டும். மேலே வலை கட்டிவிடலாம். காலையில் எவர் மிச்சமோ, அவரே வலக்கை."

வாசலில் அண்டா உருண்டு வரும் சத்தம் கேட்டது.

அமைச்சர் தளவாயின் தோள்களைப் பார்த்தார். பிறகு வாயைப் பார்த்தார். வேர்த்துவிட்டது. தளவாயோ, அமைச்சர் இத்தனை வருஷத்தில் யார் யாரை விழுங்கியிருக்கிறார் என்று நினைத்துப் பார்த்தார். அவருக்கும் வேர்த்தது.

"அரசே! ஒரு பெயரை இருவர் வைத்துக்கொண்டால் என்ன குடி முழுகிவிடும்?" என்றார் அமைச்சர்.

"அமைச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்!" என்றார் தளவாய், வாழ்நாளில் முதல்முறையாக.

"அப்படியானால் என் தீர்ப்பு: இரண்டும் விரால்தான். இல்லாவிட்டால் பெயருக்காக நாடு முழுக்க இப்படியே ஒன்றையொன்று தின்று தீர்த்து, கடைசியில் அரசருக்கு ஒரு வேளைக் குழம்புதான் மிஞ்சும். எவருக்காவது குறை உண்டா?"

அமைச்சரும் தளவாயும் போட்டி போட்டுக்கொண்டு 'இல்லை' என்று தலையாட்டினார்கள்.

அரசர் சிரித்த சிரிப்பில் கிரீடம் மூக்குவரை இறங்கியது. "கூத்தரே, என்ன வேண்டும், கேளும்!"

"அந்த அண்டாவிலிருக்கும் ஒரு மீன் போதும், அரசே."

"ஒன்றா? உள்ளே இரண்டல்லவா இருக்கிறது!"

"வியாபாரத்தில் வெளியே தெரிவதைத்தானே எண்ணுவார்கள்?"

அரசர் மறுபடியும் சிரித்து, மீனோடு முத்துமாலையும் அந்தக் கோயில் அண்டா அளவுக்கே பெரிய ஒரு புது அண்டாவும் கொடுத்தார். அம்பலக்கூத்தன் அந்த அண்டாவைத் தன் வீட்டு வாசலிலேயே கவிழ்த்து வைத்தான். அதன்பின் அமைச்சரும் தளவாயும் அந்தத் தெருப் பக்கமே போனதில்லையாம்.