தலையணைக்குள் இருந்த மழை

கரட்டடி மடத்தின் குரு தவமணியம்மாவுக்கு முப்பது வயசுதான். அவரிடம் சீடராக வந்த சடையாண்டிக்கு அறுபத்து நாலு. தலையணை தைத்துக் கொடுத்துத்தான் மடத்தில் சோறு.

சடையாண்டிக்கு இடது கண் சின்ன வயசிலேயே போய்விட்டது. வலது கண்ணில் புரை. மூன்று வருஷமாகக் குருவின் குரல்தான் தெரியும், முகம் வெறும் புகைமூட்டம். நாளைக் காலையில் ஆஸ்பத்திரியில் அந்தக் கண்ணுக்கு ஆபரேஷன்.

அவர் பை கட்டிக்கொண்டிருக்கும்போது குரு கேட்டார்.

"போன வாரம் அந்தக் கண்ணு சிவந்து பீளை தள்ளுச்சே பெரியவரே. ஆஸ்பத்திரியில சொன்னீங்களா?"

"எதுக்குத் தாயே? சொட்டு மருந்து விட்டு, முந்தாநாள்தான் முடிச்சேன். இப்ப பளிங்கு மாதிரி இருக்கு. சொன்னா தேதியைத் தள்ளிப் போட்டுருவாங்க."

"போட்டா?"

"உங்க முகத்தைப் பாக்காமலே சாகச் சொல்றீங்களா?"

"அவ்வளவு அழகெல்லாம் இல்லைய்யா," என்று குரு சிரித்தார். "சரி, பாறையில காயுற தலையணையை எடுத்துட்டு வாங்க. ஆஸ்பத்திரிக்கு ஆகும்."

அது போன வாரம் மழையில் நனைந்தது. சடையாண்டி எடுத்து வந்து கன்னத்தை வைத்துப் பார்த்தார்.

"மொறுமொறுன்னு காஞ்சிருச்சு தாயே. நல்ல சூடு."

குரு கத்திரியால் ஓரத் தையலைப் பிரித்தார்.

"உள்ள கையை விடுங்க."

"ஐயையோ, தைச்சதைப் போய்…"

"விடுங்க."

விரல் போனது. மணிக்கட்டு போனது. மேல் பஞ்சு சுட்டது. நடுப்பஞ்சு விரலில் பட்டதும் சடையாண்டி அப்படியே நின்றுவிட்டார்.

சில்லென்று இருந்தது. அஞ்சு நாள் வெயிலுக்கும் தப்பி, போன வாரத்து மழை உள்ளே உட்கார்ந்திருந்தது.

கையை எடுத்து முகர்ந்தார். புளிச்ச வாடை. அதே கை வலது கண் பக்கம் போய், தொடப் பயந்து பாதியில் நின்றது.

கையை இறக்கிக்கொண்டு கேட்டார்.

"இன்னும் எத்தனை வெயில் வேணும் தாயே?"

"பஞ்சுக்குன்னா நான் சொல்லுவேன். கண்ணுக்கு டாக்டர்தான் சொல்லணும்."

"நாளைக்குப் போய்ச் சொல்லிடறேன். அவங்க திருப்பி அனுப்பிட்டா?"

குரு தலையணையை அவர் கையில் கொடுத்தார்.

"வந்துருங்க. இதை வெயில்ல திருப்பித் திருப்பிப் போட ஆள் வேணும்."